கேலரிக்கு மேலே இருந்த பெயர்

சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு விளையாட்டு மைதானம், அதன் மேற்குப் பக்கக் கேலரிக்கு அடியில்தான் 1942 டிசம்பர் 2 அன்று இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மியின் குழு உலகின் முதல் அணு உலையை இயக்கியது. இந்தக் கதையை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். மைதானத்தின் பெயர் ஸ்டாக் ஃபீல்ட் என்று வரும், அதைத் தாண்டிப் போய்விடுவேன். போன வாரம்தான் யாருய்யா இந்த ஸ்டாக் என்று தேடினேன்; ஃபெர்மியின் கதை அப்படியே நின்றுவிட்டது.

அமோஸ் அலோன்சோ ஸ்டாக், 1862இல் நியூ ஜெர்சியில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்தார், போதகராகத்தான் போவதாக இருந்தார், ஆனால் மேடையில் பேசுவது தனக்குச் சரிப்படாது என்று தோன்றியதால் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்குப் போய்விட்டார். அங்கே கூட வேலை பார்த்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். ஆமாம், கூடைப்பந்தைக் கண்டுபிடித்த அதே ஆள்.

1892 மார்ச்சில் அந்தப் புது விளையாட்டை முதல்முறையாகப் பொதுமக்கள் முன் ஆடிக் காட்டினார்கள், ஆசிரியர்களும் மாணவர்களும் மோதிய ஆட்டம். ஸ்டாக் யேலின் நீலச் சீருடையோடு இறங்கியிருக்கிறார். இவருக்குப் பழகியது அமெரிக்கக் கால்பந்து (நம்ம ஃபுட்பால் இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடுவது). அந்தப் பழக்கம் விடுமா, எதிரே வந்தவர்களையெல்லாம் தள்ளித் தள்ளி ஃபவுல் வாங்கிக்கொண்டே இருந்தாராம். ஆசிரியர்கள் 5-1 என்று தோற்றார்கள், அந்த ஒன்றைப் போட்டதும் இவர்தான்!

அதே வருடம் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குக் கால்பந்துப் பயிற்சியாளராகப் போனவர் 41 சீசன் அங்கேயே இருந்தார், அதுவும் பேராசிரியர் அந்தஸ்தோடு. 1896இல் அயோவா மாணவர்களோடு பக்கத்துக்கு ஐந்து பேர் என்று கூடைப்பந்து ஆடி சிகாகோ 15-12 என்று ஜெயித்தது. இன்று உலகமே ஆடும் ஐவர் கணக்கில் கல்லூரிகள் மோதிய ஆரம்ப கால ஆட்டங்களில் அது ஒன்று. கால்பந்தில் 1905இல், 56 ஆட்டங்களாகத் தோற்காமல் வந்த மிச்சிகனை 2-0 என்று மடக்கினார்கள். அப்புறம் வயது எழுபது ஆனது, போய் ஓய்வெடுங்கள் என்றது நிர்வாகம்.

இவர் கேட்கவில்லை. நேரே கலிஃபோர்னியாவில் ஸ்டாக்டன் ஊரில் இருந்த பசிபிக் கல்லூரிக்குப் போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். 1938இல் அந்தப் பையன்களைச் சிகாகோவுக்கே கூட்டிவந்து, தன் பெயர் வைத்த மைதானத்திலேயே தன் பழைய கல்லூரியை 32-0 என்று அடித்தார். இதைப் படித்தபோது எனக்கே விசிலடிக்கத் தோன்றியது, அவர் உள்ளுக்குள் சிரித்திருக்க மாட்டாரா என்ன. மறு வருடத்தோடு சிகாகோ பெரிய அளவில் கால்பந்து ஆடுவதையே நிறுத்திக்கொண்டது. அதனால்தான் ஃபெர்மிக்கு அந்தக் கேலரி காலியாகக் கிடைத்தது.

கேலரிக்கு அடியில் அணு உலைக்காகக் கிராஃபைட்டை அடுக்கிக்கொண்டிருந்த அந்த நாட்களில் ஸ்டாக்குக்கு வயது எண்பது, பசிபிக்கில் பையன்களை விரட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் நாட்டின் சிறந்த பயிற்சியாளர் என்று தேர்ந்தெடுத்தார்கள். 84 வயதில் அங்கேயும் முடிந்தது, உடனே மகனுக்குத் துணையாகப் பென்சில்வேனியாவில் ஒரு கல்லூரி, பிறகு திரும்ப ஸ்டாக்டனுக்கே வந்து பந்தை உதைக்கப் பயிற்சி கொடுக்கும் வேலை. 1960இல், 98 வயதில், எழுபது வருடமாகப் பயிற்சியாளராக இருந்துவிட்டேன், இப்போது நிறுத்திக்கொண்டால் சரியாக இருக்கும் என்று சொல்லி விலகினார்.

அதற்குப் பிறகும் நான்கரை வருடம் இருந்தார்.