நான்காம் படியில் ட்ரைலோபைட்

போன நவராத்திரிக்கு எங்கள் ராயபுரம் வீட்டுக் கொலுவில், நான்காம் படியில் களிமண் நண்டுக்கும் வண்டுக்கும் நடுவே ஐந்து ட்ரைலோபைட் கற்களை வைத்தேன். தாம்பூலம் வாங்க வந்த பக்கத்து வீட்டு அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "இன்னாப்பா இது, கரப்பான் பூச்சியைக் கல்லுல செதுக்கி வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கருப்பு உடல், நடுவில் தண்டு போல ஒரு மேடு, அதன் இரண்டு பக்கமும் விலா எலும்பு மாதிரி வரிவரியாக மடிப்பு. நீளவாக்கில் இப்படி மூன்று மடலாகப் பிரிந்திருப்பதால்தான் அந்தப் பெயர். யாரும் செதுக்கவில்லை அக்கா, இது நிஜமாகவே கடலடியில் ஊர்ந்து, பிறகு கல்லாகிப்போன உயிர், அது வாழ்ந்து 50 கோடி வருஷம் ஆகிறது என்றேன். அவர் சுண்டல் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு மறுபடி குனிந்தார்.

நான்காம் படியை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். கொலுவில் கீழிருந்து மேலே ஓரறிவு, ஈரறிவு என்று ஏறிப்போகும் முறையில் நண்டுக்கு நான்கறிவு: தொடுதல், சுவை, மணம், பார்வை. ட்ரைலோபைட்டும் நண்டைப் போலக் கணுக்காலி இனம், அதற்கும் கண் உண்டு. அந்தக் கண்ணின் லென்ஸ் கால்சைட்டால் ஆனது, அதாவது சுண்ணாம்புக் கல்லில் இருக்கிற அதே கனிமம். உயிரோடு இருந்தபோதே கல் வழியாக உலகத்தைப் பார்த்த உயிர் அது! பேகாப்ஸ் என்ற ட்ரைலோபைட் வகையின் கண்ணில் லென்ஸ்கள் பெரிதாக, தனித்தனியாக இருக்கும். நகைப் பட்டறைக்காரர்கள் கண்ணில் பொருத்திக்கொள்ளும் லென்ஸை வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றாக எண்ணலாம். கண்ணே இல்லாத ட்ரைலோபைட் வகைகளும் இருந்தன, அவை என் கைக்கு வந்தால் மூன்றாம் படியில் எறும்புக்குப் பக்கத்தில்தான் வைப்பேன்.

என் முதல் கல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலிருந்து வந்தது. எல்ரேத்தியா கிங்கி என்று பெயர், வீலர் ஷேல் என்ற பாறை அடுக்கில் மிக அதிகமாகக் கிடைக்கும் வகை, அதனால் விலையும் குறைவு. வந்து சேர்ந்ததும் லென்ஸில் பார்த்தால் தலையின் இரண்டு ஓரத்திலும் கன்னப் பகுதியைக் காணோம். உடைந்த கல்லைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று இரண்டு நாள் கோபமாக இருந்தேன். அப்புறம் படித்துத்தான் தெரிந்துகொண்டேன், அது உடைந்தது இல்லை, கழற்றிப் போட்டது. நண்டு வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றும் இல்லையா, ட்ரைலோபைட்டும் அப்படித்தான், ஓட்டைக் கழற்றும்போது அந்தக் கன்னங்கள் தனியாக விட்டுப்போகும். நமக்குக் கிடைக்கிற ட்ரைலோபைட்களில் நிறைய இப்படிக் கழற்றிப் போட்ட சட்டைகள்தான். அன்றிலிருந்து அந்தக் கல்லைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும். அது செத்த இடம் இல்லை, வளர்ந்து கிளம்பிப் போன இடம்.

இதை நம் ஊரிலேயே பொறுக்க முடியாதா என்று கேட்கிறார்கள். முடியாது. ட்ரைலோபைட்கள் சுமார் 52 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி 25 கோடி ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போனவை. பல்லாவரத்துச் சார்னோகைட் 200 கோடி ஆண்டுக்கும் மேலான கிழப்பாறை, அழுத்தத்திலும் சூட்டிலும் உருமாறியது. அந்தப் பக்கம் அரியலூர்ப் பாறை, அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிர்களுக்குப் பேர்போனது, ஆனால் அது உருவான காலத்தில் கடைசி ட்ரைலோபைட் செத்து 15 கோடி வருஷம் தாண்டிவிட்டது. ஒன்று ரொம்பக் கிழம், இன்னொன்று ரொம்ப இளசு. இந்தியாவில் பார்க்க வேண்டுமென்றால் ஸ்பிதி, காஷ்மீர்ப் பக்கத்து மலைகளுக்குத்தான் போக வேண்டும், ஒரு காலத்தில் கடலடியாக இருந்த மண் அங்கே மலை உயரத்தில் நிற்கிறது.

அதனால் வாங்கத்தான் வேண்டும், வாங்கும்போது ஏமாறவும் வாய்ப்பு உண்டு. மொராக்கோவிலிருந்து வரும் கற்களில் அற்புதமான நிஜமும் இருக்கிறது, பிசினை அச்சில் ஊற்றிச் செய்த போலியும் இருக்கிறது. நான் பார்ப்பது இரண்டு விஷயம். லென்ஸில் குண்டூசி முனை அளவு காற்றுக் குமிழித் துளைகள் தெரிந்தால் அது வார்ப்பு. கல்லிலிருந்து பூச்சியின் மேலே ஏறி மறுபக்கம் இறங்கும் மெல்லிய விரிசல் கோடு இருந்தால் பெரும்பாலும் நல்ல சகுனம், ஏனென்றால் அங்கே பாறையை உடைத்து, உடைந்த இடத்தில் ட்ரைலோபைட்டின் குறுக்குவெட்டைப் பார்த்து, இரண்டு பாதியையும் ஒட்டி, அதற்குப் பிறகுதான் மணிக்கணக்கில் உட்கார்ந்து கல்லைச் சீவி எடுக்கிறார்கள். கோடே இல்லாத பளபளப்பைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

சரி, வைப்பது எப்படி. ஷோகேஸில் மேலே ஒரு டியூப்லைட்டைப் போட்டு நேராக வெளிச்சம் விழவைத்தால் கல் தட்டையாகிவிடும், ஒரு மடிப்பும் தெரியாது. வெளிச்சம் பக்கவாட்டில், தாழ்வாக, இடது மேல் மூலையிலிருந்து வர வேண்டும். தொல்லுயிர் ஆய்வாளர்கள் படம் எடுக்கும் வழக்கமும் அதுதான். கீழேயிருந்து வெளிச்சம் அடித்தால் மேடு பள்ளமாகத் தெரியும், பார்க்கிறவர்கள் கண் ஏமாந்து போகும். எங்கள் தெருவில் கடல்காற்று நேராக வரும், இரும்புக் கேட்டையே தின்றுவிடுகிற காற்று. அதனால் பைரைட் என்ற இரும்பு, கந்தகக் கனிமம் ஏறிய, பொன்னிறமாக மின்னும் ட்ரைலோபைட்களை நான் வாங்குவதே இல்லை, எவ்வளவு ஆசையிருந்தாலும். ஈரப்பதத்தில் பைரைட் அமிலமாக மாறிக் கல்லையே பொடியாக்கிவிடும். மற்ற கற்களுக்கு மூடிய பெட்டியும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் போதும். புது ப்ளைவுட் அலமாரியில் நேராக வைக்காதீர்கள், அதிலிருந்து வரும் அமில ஆவி கால்சைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும்.

அமிலம் என்றதும் சொல்லியாக வேண்டும். கொலுவுக்கு முந்தின நாள் அம்மா குத்துவிளக்கோடு சேர்த்து என் பேகாப்ஸையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். "பித்தளை மாதிரி பளிச்சுனு வரும்னு பார்த்தேன்டா" என்றார். ஒரு கண்ணில் லென்ஸ் வரிசையின் ஓரம் மங்கிவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் வேண்டாம், காய்ந்த மெல்லிய பிரஷ்ஷே போதும். அந்தக் கல்லை இன்னொரு கண் முன்னால் தெரியும்படி திருப்பி வைத்திருக்கிறேன்.

வெளிச்சத்தையும் பெட்டியையும் விட முக்கியம் சீட்டு. எந்த ஊர், எந்தப் பாறை அடுக்கு, எந்தக் காலம், யாரிடமிருந்து, எப்போது வந்தது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கல்லின் அடியில் சின்னதாக எண் எழுதி, அதே எண்ணை நோட்டில் எழுதிவைக்கிறேன், சீட்டு தொலைந்தாலும் கல் தன் ஊரைத் தொலைக்காது. என்னிடம் இருப்பதிலேயே பெரியது, உள்ளங்கை முழுக்க வரும், முள்ளும் கொம்புமாகப் பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் விற்றவருக்கே அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அதைக் கொலுவில் வைக்கவில்லை. ஷோகேஸின் கீழ்த்தட்டில் வெற்றுச் சீட்டோடு இருக்கிறது. விற்கவும் மனம் வரவில்லை, மேல்தட்டில் மற்றவற்றோடு வைக்கவும் மனம் வரவில்லை.