அமெரிக்காவிலிருந்து வந்த அன்லாக்டு போனில் நம்மூர் நெட்

“அன்லாக்டு போன்தான், எந்த சிம் போட்டாலும் ஓடும்” என்று சொல்லி மச்சானோ சித்தப்பா பையனோ கொண்டுவந்து கொடுப்பார். சிம்மைப் போட்டால் டவர் காட்டும், நெட் மட்டும் வராது. உடனே எல்லோரும் கைவைப்பது, போனைக் கம்பெனியின் நெட்டோடு இணைக்கும் ஏபிஎன் செட்டிங்கில். அது மூன்றாவதாகப் பார்க்க வேண்டிய இடம்.

அன்லாக் ஆன போன் வேறு கம்பெனி சிம்மை ஏற்கும், அவ்வளவுதான். அந்தக் கம்பெனி பயன்படுத்தும் அலைவரிசை போனில் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. 4ஜி அலைவரிசைகளை பேண்ட் எண்ணால் குறிப்பார்கள். ஜியோ ஓடுவது பேண்ட் 3, 5, 40. ஏர்டெல் 1, 3, 8, 40. விஐ 1, 3, 8, 41. அமெரிக்கக் கம்பெனிகளுக்கு முக்கியமானவை 2, 4, 5, 12, 13, 66, 71. இரண்டு பட்டியலிலும் இருப்பது 5 மட்டுமே. அங்கே விற்கும் ஐபோன், பிக்சல் போன்ற விலை கூடிய மாடல்களில் நம்முடைய பேண்டுகளும் சேர்ந்தே வரும், பிரச்சினை இல்லை. சிக்குவது, அங்கே ரீசார்ஜோடு மலிவாகக் கிடைக்கும் போன்கள்தான். பேண்ட் 3-உம் 40-உம் இல்லாத போனில் ஜியோ போட்டால் 850 மெகாஹெர்ட்ஸில் ஓடும் பேண்ட் 5 மட்டும் கிடைக்கும். டவர் நிறையக் காட்டும், வேகம் இருக்காது. அந்த அலைவரிசை தூரம் போகும், சுவரைத் துளைக்கும். ஆனால் அதில் கம்பெனியிடம் இருக்கும் இடம் குறுகல். சாயங்காலம் எல்லோரும் வீடியோ பார்க்க உட்கார்ந்தால் நெரிசல்தான். இதை எந்த செட்டிங்கும் சரிசெய்யாது.

அதனால் முதலில் மாடல் எண்ணைப் பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே வேறாக இருக்கும். சாம்சங்கில் எண்ணின் கடைசியில் ‘யு’ அல்லது ‘யு1’ என்றிருந்தால் அமெரிக்க மாடல். அந்த முழு எண்ணை வைத்துப் பேண்ட் பட்டியலைத் தேடுங்கள். சிம் போட்ட பிறகு எந்த பேண்டில் நிற்கிறது என்பதையும் பார்க்கலாம்: சாம்சங்கில் *#0011#, ஐபோனில் *3001#12345#* டயல் செய்யுங்கள்.

அடுத்தது சிம். பத்து வருடமாக ஒரே சிம்மை வெட்டி வெட்டிச் சின்னதாக்கிப் போடுகிறவர்கள் உண்டு. அது 3ஜி காலத்துச் சிம்மாக இருந்தால் 4ஜியில் சேரவே சேராது. ஏர்டெல் 3ஜியை மூடிவிட்டதால் நேராக 2ஜிக்கு இறங்கி, மேலே ‘ஈ’ என்ற எழுத்தோடு நிற்கும். கடையில் ஆதாரோடு போய் 4ஜி சிம்மாக மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பின் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்திவைக்கப்படும். மோசடியைத் தடுக்க வைத்த விதி. ஓடிபி வராது என்பதால், பணம் அனுப்ப வேண்டிய நாளில் சிம் மாற்றாதீர்கள். அமெரிக்க ஐபோன் 14 முதல் சிம் போடும் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே இருக்கும் இ-சிம் மட்டும்தான். *#06# அடித்தால் போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐயும் இ-சிம்மின் எண்ணான 32 இலக்க இஐடியும் வரும், இரண்டையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இரண்டு சிம் போட்டவர்கள், டேட்டா எந்த சிம்முக்கு என்று பார்த்துவிடுங்கள். சிரிப்பீர்கள், ஆனால் பாதிப் புகார் இங்கேயே தீர்ந்துவிடும். பேக்கில் டேட்டா மிச்சம் இருக்கிறதா என்பதும் அப்படித்தான்.

இப்போது ஏபிஎன். செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க், அதற்குள் அக்சஸ் பாயின்ட் நேம்ஸ். பட்டியல் காலியாக இருந்தால் புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் என்ற கட்டத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். ஏபிஎன் கட்டத்தில்தான் பிசகக் கூடாது. எல்லாமே ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல்: ஜியோவுக்கு ஜியோநெட், ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ் புள்ளி காம், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட், விஐக்கு மூன்று டபிள்யூ மட்டும். யூசர்நேம், பாஸ்வேர்ட், ப்ராக்சி, போர்ட் எல்லாம் காலியாகவே இருக்கட்டும்.

நாட்டையும் கம்பெனியையும் குறிக்கும் எண்களுக்கான எம்சிசி, எம்என்சி என்ற இரண்டு கட்டங்களும் சிம்மைப் பார்த்துத் தானாக நிரம்பியிருக்கும். அவற்றைத் தொடாதீர்கள். இணையத்தில் யாரோ போட்ட எண்ணை அங்கே எழுதி சேவ் செய்தால், சேர்த்த ஏபிஎன் பட்டியலிலிருந்தே காணாமல் போகும். சிம்மோடு எண் பொருந்தாத ஏபிஎன்னை ஆண்ட்ராய்டு காட்டாது என்பதுதான் காரணம். போன் கெட்டுவிட்டதாக நினைத்து ரீசெட் அடிக்க வேண்டாம். ஏபிஎன் புரோட்டோகால் ஐபிவி4/ஐபிவி6 என்று இரண்டும் சேர்ந்ததாக இருக்கட்டும், ஜியோவுக்கு இது முக்கியம். அதன் நெட்வொர்க் புதிய முகவரி முறையான ஐபிவி6-ஐ நம்பி நடப்பது. முடித்ததும் மேலே மூன்று புள்ளியைத் தொட்டு சேவ் செய்து, பட்டியலில் அந்தப் பெயருக்கு அருகிலுள்ள வட்டத்தையும் தொட வேண்டும். இந்தக் கடைசித் தொடலைத்தான் மறப்பார்கள். ‘ஐஎம்எஸ்’ என்று ஒரு ஏபிஎன் ஏற்கெனவே இருந்தால் அழிக்காதீர்கள், 4ஜி அழைப்பு அதில்தான் போகிறது.

4ஜி என்று காட்டியும் எந்தத் தளமும் திறக்கவில்லையா? பிரவுசரில் 1.1.1.1 என்று அடித்துப் பாருங்கள். அது திறந்து மற்றவை திறக்காவிட்டால் கோளாறு, தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில். பழைய போனிலிருந்து எல்லாவற்றையும் மாற்றும்போது விளம்பரத் தடுப்புக்காக வைத்த பிரைவேட் டிஎன்எஸ் முகவரியும் கூடவே வந்திருக்கலாம். அதை ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். தேதி தப்பாக இருந்தாலும் தளங்கள் சான்றிதழ் பிழை என்று மறுக்கும்.

நெட் வந்த பிறகும் ஜியோவில் அழைப்பு போகவில்லை என்றால், 4ஜி வழியாகப் பேச உதவும் வோல்டிஇயில் கோளாறு. ஜியோவுக்கு 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. போனின் மென்பொருளில் இந்தியக் கம்பெனிக்கான வோல்டிஇ இல்லாவிட்டால் டேட்டா ஓடும், பேச்சு போகாது. ஷியோமி போனில் *#*#86583#*#* அடித்தால் கம்பெனி சரிபார்ப்பு விலகி, வோல்டிஇ தேர்வு தெரிய வாய்ப்புண்டு. பிற போன்களில் மென்பொருள் அப்டேட் ஒன்றுதான் நேர்வழி. அதுவரை டேட்டாவுக்கு ஜியோ, பேச்சுக்கு ஏர்டெல் என்று இரண்டு சிம்மில் பிரித்துக்கொள்ளலாம். ஏர்டெல் அழைப்பு தேவைப்பட்டால் 2ஜிக்கு இறங்கியாவது போய்விடும்.