ஸ்டேன் சுவாமியும் தலோஜா ஜெயிலும்

திருச்சி பக்கம் விரகலூர்ல பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளுக்காகவே வாழ்ந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி. 2020 அக்டோபர் 8ஆம் தேதி ராஞ்சில வச்சு என்ஐஏ (தேசிய புலனாய்வு முகமை) கைது பண்றப்போ அவருக்கு வயசு 83, பார்கின்சன்ங்கற நடுக்க நோய் வேற, காதும் சரியா கேக்காது.

மும்பை பக்கத்துல இருக்கற தலோஜா ஜெயில்ல அடைச்சாங்க. அங்க கை நடுங்கி டம்ளர பிடிக்க முடியலன்னு ஒரு ஸ்ட்ராவும் சிப்பர் கப்பும் கேட்டாரு, அதுக்கு கோர்ட்ல பதில் சொல்லவே என்ஐஏ 20 நாள் டைம் கேட்டுச்சு, ஒரு ஸ்ட்ராவுக்குங்க!

2021 மே மாசம் மும்பை ஹைகோர்ட்ல வீடியோ கான்ஃபரன்ஸ்ல பேசுனப்போ, ஜெயிலுக்கு வர்றப்போ நானே நடந்தேன், குளிச்சேன், எழுதுனேன், சாப்பிட்டேன், இப்ப ஒண்ணொண்ணா எல்லாம் போயிடுச்சு, சாப்பாடு கூட யாராச்சும் ஊட்டி விடணும்ங்கற மாதிரி சொன்னாரு. கேட்டது இடைக்கால ஜாமீன்தான், ராஞ்சிக்கு போய் தன்னோட ஜனங்க கூட இருக்கணும்னு.

அப்புறம் ஆஸ்பத்திரி, கொரோனா, ஜூலை 5 இறந்துட்டாரு. விசாரணையே ஆரம்பிக்கல. அவர் மேல இருந்தது யூஏபிஏ (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) கேஸ், அதுல ஜாமீன் கஷ்டம், தெரியும், ஆனா எழுந்து நிக்கவே முடியாத மனுஷன் எங்க ஓடிடுவாரு? இந்தியா ஜெயில்கள்ல முக்கால்வாசிப் பேர் விசாரணைக் கைதிங்கதான், அதுல வயசானவங்களையாவது முதல்ல கவனிங்கய்யா.