நீலத் திரையில் இரண்டு வரிகள்

அக்டோபர் 23, 2025, வியாழன்

கணினி எங்கள் அச்சுவேலைக் கடைக்குத் திரும்பிவிட்டது. பொள்ளாச்சியிலிருந்து வந்து பொருத்திக் கொடுத்தவர் எஸ்எஸ்டி என்ற புதிய, வேகமான சேமிப்பகத்தில் விண்டோஸ் 10 போட்டிருக்கிறார். மதர்போர்டு பழையது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லை, ஆகவே 11 ஏறாது என்றார். இந்த மாதம் 14ஆம் தேதியோடு 10க்கான ஆதரவு நின்றுவிட்டது என்பதையும், பதிவு செய்துகொண்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை வரும் என்பதையும் அவரே சொன்னார். வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பொத்தானை அழுத்தியதும் ஒரு நீலத் திரை வந்து, எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்டு, ‘விண்டோஸ் 10’, ‘விண்டோஸ் 10’ என்று ஒரே பெயரை ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டிவிட்டு, 30 வினாடிகளைப் பின்னோக்கி எண்ணத் தொடங்குகிறது. இது எதற்கு என்று கேட்டேன். “கெடக்கட்டுங்க, அது ஒண்ணும் பண்ணாது” என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டார்.

அக்டோபர் 24

அண்ணி பேசவில்லை. மதியம் வரை பொறுத்துப் பார்த்து நானே கூப்பிட்டேன். மருத்துவமனையில் அண்ணன் இன்னும் அதே அறையில்தான்.

அக்டோபர் 26, ஞாயிறு

கடை அடைத்திருந்ததால் அந்த இரண்டாவது வரியைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன். முதல் வரியை ஏற்கெனவே பாதி ஏற்றி வைத்துக்கொண்டுதான் இந்தத் திரை நம்மைக் கேட்கிறது போலிருக்கிறது. கீழே உள்ளதைத் தொட்டால் கணினி முழுவதும் அணைந்து மறுபடி முதலிலிருந்து எழுகிறது. நெடுநேரம் கழித்து அண்ணனின் பழைய திரை வந்தது. அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றாமல் அப்படியே உள்ளே விட்டிருக்கிறார்கள். அவனுடைய பெயர், அதன் கீழே கடவுச்சொல்லுக்கான கட்டம். அதற்கு மேல் எனக்கு வழி இல்லை.

பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7 அதில்தான் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் எல்லாமே பேஜ்மேக்கரின் பிஎம்டி கோப்புகள். யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்தவை என்பதால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கிடக்கும்.

அக்டோபர் 28

மாலை நான்கு மணிக்கே வானம் கறுத்துவிட்டது. துலாமாதத்து இடி இந்தப் பக்கம் மழையை விட அதிகம். மின்சாரம் போய், வந்து, மறுபடி போய் வந்தது. எங்கள் யுபிஎஸ் ஒரு கோப்பைச் சேமித்து முடிப்பதற்குக்கூடத் தாங்குவதில்லை. ஒவ்வொரு முறையும் நீலத் திரை, ஒவ்வொரு முறையும் 30 வினாடி. பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்கு வந்திருந்த ஒருவர் நோட்டீஸுக்குப் பிழை பார்ப்பதற்காக எதிரில் உட்கார்ந்திருந்தார். திரையைப் பார்த்துவிட்டு, “கேடாயிப்போச்சா?” என்று தமிழையும் மலையாளத்தையும் கலந்து கேட்டார். இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது பதினேழு, பதினாறு என்று இறங்கிக்கொண்டிருந்தது.

அக்டோபர் 29

நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து தொடக்கப் பட்டியலைக் காட்டும் பிசிடிஎடிட் கட்டளையை அடித்ததில் மூன்று பத்திகள் வந்தன. முதலாவது, எதை எழுப்புவது என்று கேட்கும் பூட் மேனேஜர். 30 என்ற காலக்கெடு அதில்தான் இருக்கிறது. மற்ற இரண்டும் இரண்டு விண்டோஸ்களையும் ஏற்றுவதற்கான லோடர் குறிப்புகள். ஒன்றின் அடையாளம் ‘கரண்ட்’, அதன் இடம் சி டிரைவ். மற்றொன்றுக்கு நீண்ட எண்ணெழுத்துத் தொடர், இடம் டி டிரைவ். இதில் ஏமாற இடமுண்டு: எந்த விண்டோஸில் நுழைந்தாலும் அது தன்னையே சி என்று சொல்லிக்கொள்ளும். பழையதில் நின்று பார்த்தால் புதியது டி ஆகிவிடும். அழிக்கப் போகிறவர் எங்கே நின்றுகொண்டு அழிக்கிறோம் என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் வேலையாக இந்தப் பட்டியலை அப்படியே ஒரு பென்டிரைவில் ஏற்றுமதி செய்து வைத்தேன். அதன்பின் குழப்பம் வராமலிருக்கப் பழைய வரியின் பெயரை மாற்றினேன். ஆங்கில எழுத்தில் ‘அண்ணன்’ என்று வைத்தேன். காலக்கெடுவையும் 5 ஆக்கினேன்.

நவம்பர் 1, சனி

கேரளம் பிறந்த நாள். பள்ளிப் பிள்ளைகள் கசவு உடுத்திக் கடைக்கு முன்னால் ஊர்வலம் போனார்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டில் பேசுவது தமிழ்.

விண்டோஸின் தொடக்க அமைப்புகளை மாற்றும் எம்எஸ்கான்ஃபிக் திறந்து பூட் தாவலுக்குப் போனேன். வேலை எளிது: நடப்பில் இருக்கும் வரியைத் தொட்டால் ‘டெலீட்’ பொத்தான் மங்கிவிடும், மற்ற வரியைத் தொட்டால் தெளியும், அழுத்தினால் முடிந்தது. அழுத்தினாலும் டிஸ்க்கில் உள்ள ஒரு கோப்பும் போகாது என்பது எனக்குத் தெரியும். கதவில் எழுதியிருக்கும் பெயரை அழித்தால் வீடு இடிந்துவிடாது. எல்லாம் தெரிந்தும் ‘அண்ணன்’ என்ற சொல்லின் மேல் நீலப் பட்டை நிற்க, எதிரே டெலீட் என்று தெளிந்து நிற்க, என்னால் அழுத்த முடியவில்லை. நேற்று ராத்திரி அண்ணி சொன்ன பரிசோதனை அளவுகளையெல்லாம் மனம் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தது. சாளரத்தை மூடிவிட்டு விசிட்டிங் கார்டு வேலையை எடுத்தேன்.

நவம்பர் 3

5 வினாடியும் நீளமாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 6, வியாழன்

அழிக்காமல் விட்டதில் நட்டமில்லை, ஏனென்றால் அழிப்பதால் மட்டும் தீருகிற காரியமாக இது இல்லை. டிஸ்க் மேனேஜ்மென்டில் இன்று பொறுமையாகப் பார்த்தேன். பழைய டிஸ்க்கின் தொடக்கத்தில் ‘சிஸ்டம் ரிசர்வ்டு’ என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. எங்கிருந்து எழ வேண்டும் என்று காட்டும் ‘ஆக்டிவ்’ என்ற குறிப்பு அதற்குத்தான். புதிய எஸ்எஸ்டியில் அப்படி ஒரு பகுதியே கிடையாது, நேராக சி டிரைவ்தான். பழைய டிஸ்க்கைக் கழற்றாமல் விண்டோஸ் போட்டால், நிறுவும் நிரல் ஏற்கெனவே இருக்கும் அந்தத் தொடக்கப் பகுதியையே எடுத்துக்கொண்டு, பூட் மேனேஜரையும் பட்டியலையும் அதிலேயே எழுதிவிடுகிறது. அதாவது புதிய விண்டோஸ் ஒவ்வொரு காலையும் பழைய டிஸ்க்கின் வழியாகத்தான் எழுந்து வருகிறது. அந்த டிஸ்க் நின்றுபோகும் நாளில், நல்ல நிலையில் இருக்கும் எஸ்எஸ்டியும் எழாது.

அந்த டிஸ்க் இப்போதெல்லாம் டக், டக் என்று இடைவெளி விட்டு ஒலிக்கிறது. காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்துக் கேட்டேன். கேட்ட பிறகு மருத்துவமனைக்கு அழைத்தேன். அண்ணி, “இப்பத்தான கூப்பிட்ட, என்ன கண்ணு?” என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு

அண்ணனின் கோப்புகளைப் படியெடுப்பதற்குக் கடவுச்சொல் தேவைப்படவில்லை. புதிய விண்டோஸிலிருந்து டி டிரைவுக்குள் போய் அவனுடைய கோப்புறையைத் தொட்டதும், அனுமதி இல்லை, தொடரலாமா என்று கேட்டது. தொடர் என்றேன். பத்திரிகை மாதிரிகள், கோயில் திருவிழா நோட்டீஸ்கள், எழுத்துருக் கோப்புகள் எல்லாம் வெளி டிஸ்க்குக்கு வந்துவிட்டன. பேஜ்மேக்கரை மட்டும் இப்படித் தூக்கிவர முடியாது, அது அங்கேயே இருக்கட்டும்.

அதன்பின், டிஸ்க்குகளின் பகுதிகளை மாற்றும் டிஸ்க்பார்ட். எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்து, அளவை இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்து, அதிலுள்ள பகுதிக்கு ‘ஆக்டிவ்’ குறி இட்டேன். கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் நிரலுக்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐ முறையில் இயங்கும் இப்போதைய கணினிகளில் இந்த ஆக்டிவ் குறிக்கு வேலை இல்லை. அங்கே தனி இஎஃப்ஐ பகுதி வேண்டும். எங்களுடையது பழைய பயாஸ் முறை என்பதால்தான் இது. அடுத்து பிசிடிபூட் கட்டளைக்கு சியில் உள்ள விண்டோஸ் கோப்புறையைக் காட்டி, தொடக்கக் கோப்புகளை அதே சியில் பயாஸ் முறைப்படி எழுதச் சொன்னேன். ஒரு வரியில் பதில் வந்தது: உருவாக்கப்பட்டன. கடைசியாக பயாஸுக்குள் போய் எஸ்எஸ்டியை முதலிடத்துக்கு ஏற்றினேன்.

நீலத் திரை வரவில்லை. ‘அண்ணன்’ அழியவும் இல்லை. புதிய பட்டியலில் ஒரே ஒரு வரி. பழைய பட்டியல் பழைய டிஸ்க்கில் இருந்தபடியே இருக்கிறது. தேவைப்பட்டால், எழும்போது பூட் விசையை அழுத்திப் பழைய டிஸ்க்கைக் காட்டிப் போய்க்கொள்ளலாம். இது இத்தனை சுமுகமாக முடியும் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு டீ வாங்கி இரண்டையும் நானே குடித்தேன்.

நவம்பர் 11

உள்ளாட்சித் தேர்தல் தேதி வந்துவிட்டது, பாலக்காட்டுக்கு டிசம்பர் 11. கடையில் நிற்க இடமில்லை. ஒரே வார்டுக்குத் தமிழில் பாதி, மலையாளத்தில் பாதி. பொத்தானை அழுத்தினால் கணினி கேள்வி கேட்காமல் எழுகிறது.

அண்ணனுக்குக் குழாயை எடுத்துவிட்டார்களாம்.

நவம்பர் 13, வியாழன்

நீலத் திரை மறுபடியும் வந்துவிட்டது. விண்டோஸ் 10. அண்ணன். ஐந்து, நான்கு, மூன்று. பார்த்ததும் வயிற்றில் என்னவோ செய்தது. கட்சி நோட்டீஸுக்காக வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அலைபேசியைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தேன். தவறிய அழைப்பு ஏதுமில்லை.

நிதானத்துக்கு வந்த பிறகு மூலையில் இருந்த கடிகாரத்தைக் கவனித்தேன். 2012 என்று காட்டியது. நேற்று இரவு இடிக்குப் பயந்து மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போயிருந்தேன். மின்சாரம் அறவே இல்லாத நேரத்தில் தேதியையும் பயாஸ் அமைப்புகளையும் காப்பது மதர்போர்டில் உள்ள நாணய அளவு பேட்டரி. அது தீர்ந்துவிட்டால் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்புகிறது, பழைய டிஸ்க்கும் முதலிடத்துக்கு ஏறிக்கொள்கிறது. இதற்கு முன்பும் மறந்துகொண்டுதான் இருந்திருக்கும். இணையம் கிடைத்ததும் நேரம் தானாகச் சரியாகிவிடுவதால் யாருக்கும் தெரியவில்லை.

நவம்பர் 14

சிஆர் 2032, மூன்று வோல்ட். கடிகாரக் கடையில் கிடைத்தது. ஓரத்துக் கொக்கியை நகத்தால் தள்ளியதும் பழையது துள்ளி வெளியே வந்தது. அதன் அடிப்பக்கம் பச்சை பூத்திருந்தது. தேதியைத் திருத்தி எஸ்எஸ்டியை மறுபடி முதலிடத்தில் வைத்தேன். சோதிப்பதற்காக மெயினை அணைத்து ஒரு மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். திரை வரவில்லை, ஆண்டும் மாறவில்லை.

நவம்பர் 15, சனி

அண்ணன் பேசினான். குரல் அடைத்திருந்தது. தேர்தல் வேலையை முன்பணம் வாங்காமல் எடுக்காதே என்றான். கடவுச்சொல்லைக் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. நாளை காலை முதல் பேருந்தில் கோவைக்குப் போகிறேன். கடையைப் பார்த்துக்கொள்ளப் போகும் பெண்ணுக்காகக் கணினிப் பெட்டியின் மேல் ஒரு தாள் எழுதி ஒட்டியிருக்கிறேன்: பொத்தானை ஒரு முறை அழுத்தவும், நீலத் திரை வந்தால் எதையும் தொடாமல் எனக்குப் போன் செய்யவும்.