மூடி ஒன்றுக்காகப் பைன்டவுன் வரை

இண்டஸ்ட்ரியல் டிசைனர் என்றால் நாள் முழுக்கப் படம் வரைகிற வேலை என்றுதான் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சொந்தக்காரர்களுக்கு நினைப்பு. வாரத்தில் இரண்டு மணி நேரம் பென்சிலைத் தொட்டாலே அதிகம். மிச்சமெல்லாம் சாலிட்வொர்க்ஸ் என்கிற 3டி டிசைன் சாஃப்ட்வேரில் அரை மில்லிமீட்டரைக் கூட்டுவதும் குறைப்பதும், விலை கேட்டு அலைவதும், மோல்டு, அதாவது பிளாஸ்டிக் வார்க்கும் அச்சு, செய்கிற சீனாக்காரர்களுக்குப் பதில் எழுதுவதும்தான். அவர்கள் கடிகாரம் நம்முடையதைவிட ஆறு மணி நேரம் முன்னால் ஓடுவதால் காலை ஐந்து மணிக்கே போன் கத்தும். 2023இல் லோட் ஷெடிங் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, பதினான்கு மணி நேர 3டி பிரிண்ட் பதினோராவது மணியில் நின்றுபோய், மறுநாள் முதலிலிருந்து ஆரம்பித்ததும் உண்டு.

இப்போது கையில் இருப்பது 25 லிட்டர் தண்ணீர் கேனுக்கான மூடி. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே டோங்காட் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் நாசமாகி, அந்த ஊரில் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லையே, அப்போது என் பெரியம்மா ஈரக்கையோடு கேன் மூடியைத் திறக்கப் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன். அதனால் பிடிமானத்துக்குத் தடித்த, புடைத்த வரிகள் வைத்தேன். மூடியின் சுவர் கனம் 2 மில்லிமீட்டர், வரி இருக்கும் இடத்தில் 4.

திரையில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. டர்பன் பக்கத்துப் பைன்டவுன் ஃபேக்டரியில் முதல் மூடி சூட்டோடு விழுந்ததும், மெஷினை அமைத்து ஓட்டுகிற செட்டர் அண்ணன் அதை வெளிச்சத்தில் சாய்த்து, நகத்தால் ஓரிடத்தைத் தடவினார். சின்னக் குழி. "தம்பி, இங்க உள்ள ஆறவே இல்ல, அதான் இழுத்துக்கிச்சு" என்றார். தடிமன் இரண்டு மடங்கானால் ஆறுவதற்கு ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் வேண்டும். படித்ததுதான், ஆனால் அந்த இரைச்சலில், பிளாஸ்டிக் வாசனையில், அச்சு எப்போது திறக்கும் என்று அவரோடு நின்று எண்ணியபோதுதான் உறைத்தது. வரிகளை உள்பக்கம் குடைந்து, எல்லா இடத்திலும் சுவர் 2 மில்லிமீட்டருக்குள் வரும்படி மாற்றினேன். பிடிமானம் குறையவில்லை.

முன்பு வேலை பார்த்த இடத்தில் இப்படி ஃபேக்டரிக்குப் போனால் அரை நாள் லீவு எழுதிவிடுவார்கள். "டிசைனருக்கு அங்கே என்ன வேலை?" என்பார் மேலாளர். இரவு பத்து வரை உட்கார்ந்ததற்கும் சம்பளம் கிடையாது. எனக்கு அதில் இன்றும் கோபம் இருக்கிறது, ஏனென்றால் அந்தக் குழியை எந்தத் திரையும் எனக்குக் காட்டியிருக்காது. இப்போது நான் தரும் ஒவ்வொரு கொட்டேஷனிலும் ஃபேக்டரியில் இரண்டு நாள் என்று தனியாக ஒரு வரி எழுதி, அதற்குக் காசும் கேட்கிறேன். சிலர் அந்த வரியை நீக்கச் சொல்கிறார்கள், நான் நீக்குவதில்லை.

செவ்வாய்க்கிழமை அடுத்த டிரையல். ஒரு மூடி பெரியம்மாவுக்கு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.