அக்காவின் வால்வுச் சத்தம் அமுங்கியபோது

தொண்டியில் இருக்கும் என் அக்காவுக்கு இதயத்தின் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் கெடுத்த வால்வு. கரண்ட் போய் ஃபேன் நின்றால் பக்கத்தில் இருப்பவருக்கே டிக் டிக் என்று கேட்கும். வீட்டில் அதற்குக் கடிகாரம் என்றே பேர்.

மார்கழி வாடையில் அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. குடத்தோடு நாலு படி ஏற முடியவில்லை, மல்லாந்து படுத்தால் இருமல். பக்கத்துக் கிளினிக்கில் சளி என்று மருந்து கொடுத்தார்கள். அக்காதான் சொன்னாள்: "தம்பி, சத்தம் அமுங்கிப் போச்சுடா." செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு மூச்சு வாங்குவதோடு இதுவும் சேர்ந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அன்றைக்கே மதுரைக்குக் கிளம்பிவிட்டோம்.

ஸ்டெத்தை வைத்ததுமே டாக்டர் கேட்டார்: "மாத்திரையை நிறுத்தினீங்களா?" ஆமாம். பல் பிடுங்க வேண்டும் என்று ஓரிடத்தில் அசிட்ரோமை, அதாவது ரத்தம் உறையாமல் இருக்க அக்கா போடும் மாத்திரையை, நிறுத்தச் சொன்னார்கள்; திரும்ப எப்போது தொடங்குவது என்று சொல்லவே இல்லை. அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை. மைட்ரல் இடத்தில் இப்படி டிக் டிக் என்று அடிக்கும் வகை வால்வு இருந்தால் ஐ.என்.ஆர்., அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் எண், 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். அக்காவுக்கு 1.4.

எக்கோவில் (இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன்) வால்வின் கிரேடியன்ட், அதாவது ரத்தம் அதைக் கடக்கும்போது வரும் அழுத்த வித்தியாசம், 15. ஆபரேஷன் முடிந்ததும் எடுத்ததில் 4. பழைய ரிப்போர்ட்டை அக்கா துணிப்பெட்டியில் வைத்திருந்ததால்தான் ஒப்பிட முடிந்தது. ஆனால் ரத்தசோகை இருந்தாலும், துடிப்பு வேகமாக இருந்தாலும்கூட இந்த எண் ஏறுமாம். மார்பில் வைத்துப் பார்க்கும் எக்கோவில் வால்வின் நிழலே பின்னால் இருப்பதை மறைத்துவிடும். அதனால் தொண்டை வழியாகக் குழாய் இறக்கிப் பின்பக்கமிருந்து பார்த்தார்கள். ரத்தக்கட்டி தெரிந்தது.

அப்புறம் கேத் லேபில், அதாவது ஆஞ்சியோ செய்யும் அறையில், ஃப்ளோரோஸ்கோபி. ஊசி இல்லை, சாய மருந்து இல்லை, ஓடும் எக்ஸ்ரே மாதிரி சில நொடிகள். திரையை எனக்கும் காட்டினார்கள். வால்வில் இரண்டு இதழ்கள். ஒன்று திறந்து மூடுகிறது, இன்னொன்று சாய்ந்தபடி அப்படியே நிற்கிறது.

கட்டி சின்னது, புதியது என்பதால் கரைக்கும் மருந்து ஏற்றலாம் என்றார்கள். கரையும் துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம் வரலாம் என்பதையும் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். மருந்து ஏறி முடிந்தபின் மறுபடி ஃப்ளோரோஸ்கோபி: இரண்டு இதழும் அசைந்தன. கிரேடியன்ட் 5.

பல் பிடுங்குவதற்குப் பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தவே வேண்டாமாம், ஐ.என்.ஆர். பார்த்துக்கொண்டு செய்யலாமாம். இனி யார் நிறுத்தச் சொன்னாலும் முதலில் இதய டாக்டரைத்தான் கேட்கிறோம்.