ஏலக்காட்டில் சிம் இல்லாமல் பேசிப் பார்த்த கதை

போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிப் போடிமெட்டைத் தொடுவதற்குள் என் போன் தமிழ்நாட்டு டவருக்கும் கேரள டவருக்கும் நடுவில் அல்லாடி முடித்திருக்கும். மெட்டைத் தாண்டி மாமாவின் ஏலக்காட்டுக்குள் இறங்கினால் அந்த அல்லாட்டமும் இல்லை. சுத்தமாக சிக்னல் கிடையாது.

மேலே காய் உலர்த்தும் ஸ்டோர். கீழே ஓடையோரம் வரைக்கும் செடி. நேர்கோட்டில் அறுநூறு மீட்டர் இருந்தால் அதிகம், நடந்தால் இருபது நிமிடம், நடுவில் ஒரு மேடு. கங்காணி அண்ணன் அந்த மேட்டில் ஏறி நின்று கூவுவார். இத்தனை வருடமாக எங்கள் நெட்வொர்க் அதுதான்.

ஆடியில் ஒரு நாள் காய் எடுக்க வந்த அக்கா ஒருவருக்கு ஓடையோரம் வழுக்கிக் கால் பிசகிவிட்டது. மழைச் சத்தத்தில் கூவியது மேலே கேட்கவில்லை. ஜீப் அவரை விட்டுவிட்டே கிளம்பிவிட்டது. அன்றைக்கு மாமா பெட்டிமுடியைப் பற்றிப் பேசினார். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறுக்கு அந்தப் பக்கம் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் நிலச்சரிவில் மண்ணில் புதைந்து 70 பேர் போனார்கள். கரண்ட்டும் இல்லை, போனும் இல்லை, விஷயம் வெளியே தெரிய மறுநாள் காலை ஆகிவிட்டது. "நீதான் எதையாவது நோண்டிக்கிட்டே இருக்கியே மாப்ளே, இதுக்கு ஒரு வழி பாரேன்" என்றார். நோண்டுவதற்கு அனுமதியே கிடைத்துவிட்டது.

கையில் ஏற்கெனவே இரண்டு ரக்கட் போன்கள், அதாவது முரட்டு உழைப்புக்கான போன்கள், இருந்தன. பழசுதான், ஆனால் சேற்றில் விழுந்தாலும் கழுவிவிட்டுப் பேசலாம், பக்கவாட்டில் தனியாக ஒரு பட்டன் உண்டு. முதலில் ஆசைப்பட்டது என்னவோ வாக்கி டாக்கி உள்ளேயே வைத்து வரும் ரக்கட் போனுக்குத்தான். சின்ன ஆன்டெனாவைத் திருகிவிட்டால் போதும், சிம் வேண்டாம், டவர் வேண்டாம். வாங்கவில்லை. அந்த மாதிரிப் போன்களில் பல 400 முதல் 480 மெகாஹெர்ட்ஸ் வரை, 2 வாட் சக்தியில் பேசுபவை. நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் கையடக்க ரேடியோவில் பேச 2018 விதிகள் விட்டுவைத்திருப்பது 446.0 முதல் 446.2 வரையிலான சின்னத் துண்டு, அதுவும் அரை வாட்டுக்குள், அங்கீகாரம் பெற்ற கருவியில். சுற்றிலும் காடு, பக்கத்திலேயே செக்போஸ்ட். வனத்துறையும் போலீசும் ரேடியோவில் பேசிக்கொள்ளும் ஊரில் நான் போய் எதையாவது அமுக்கி வைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பொழுதுபோக்கு ரேடியோக்காரர்களுக்கான ஹாம் லைசென்ஸ் எடுத்தாலும் தோட்ட வேலைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது.

சரி, வைஃபை. ஆவணி முதல் வாரம் ஸ்டோர் கூரையில் வெளிப்புற வைஃபை பெட்டி ஒன்றை ஏற்றினேன். உள்ளே ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி, அதில் குரலை வாங்கி அனுப்பும் மம்பிள் சர்வர். போனில் அதோடு பேச மம்லா செயலி. இன்டர்நெட்டே தேவையில்லை. எல்லாம் அந்த வைஃபைக்குள்ளேயே சுற்றும். பக்கவாட்டுப் பட்டனை அமுக்கினால் பேச்சு போகும், விட்டால் கேட்கலாம்.

முதல் நாள் பாதி நேரம் ஆண்ட்ராய்டோடு சண்டை. இந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று போன் தானாகவே கழன்றுகொள்ளும். அப்படியே இணைந்திரு என்று ஒரு தடவை அழுத்திச் சொல்ல வேண்டும். அப்புறம் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று திரை அணைந்த பத்தாவது நிமிடம் செயலியைக் கொன்றுவிடும். செட்டிங்கில் மம்லாவுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்ட பிறகுதான் நின்று பேசியது. இந்த இரண்டையும் யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியிருக்கும்.

கங்காணி அண்ணனுக்குப் பட்டனை அமுக்கிக்கொண்டே பேசும் பழக்கம் வரவில்லை. அமுக்கும்போதே பேசத் தொடங்கிவிடுவார், முதல் சொல் விழுங்கப்பட்டுவிடும். ஒரு நாள் சாயங்காலம் ஸ்டோரில் இருந்த போனில் "...வந்திருச்சு, எல்லாரும் மேல ஏறுங்க" என்று மட்டும் கேட்டது. எங்கள் பக்கம் வந்திருச்சு என்றால் முதலில் நினைவுக்கு வருவது யானை. பக்கத்தில்தான் சின்னக்கானல். 2023 ஏப்ரலில் அரிக்கொம்பனைப் பிடித்துப் பெரியாறு காட்டில் கொண்டுபோய் விட்டதும், அது மே மாதம் கம்பத்துக்குள்ளேயே இறங்கி வந்ததும் எல்லாருக்கும் மனப்பாடம். ஸ்டோரில் இருந்த நான்கு பேரும் கதவைச் சாத்திக்கொண்டோம். வந்தது ஜீப். மறுநாளிலிருந்து பட்டனை அமுக்கி, ஒரு மூச்சு விட்டு, "ஸ்டோரு" என்று கூப்பிட்ட பிறகுதான் விஷயம் என்று பேசி வைத்துக்கொண்டோம். முடிக்கும்போது ஓவர் என்று யாரும் சொல்வதில்லை. "வச்சிர்றேன்" என்கிறார்கள். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

ஆனால் தூரம்? வெட்டவெளியில் இருநூறு மீட்டர் வரை தெளிவு. செடிக்குள் இறங்கினால் எண்பது மீட்டரிலேயே கரகரப்பு, மழை நாளில் அதுவும் இல்லை. ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும், அதற்கு மேலே நிழல் மரங்கள். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை ஈர இலை நன்றாகக் குடித்துவிடும். மேட்டுக்கு அந்தப் பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம். கால் பிசகிய இடத்துக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

புரட்டாசியில் லோராவுக்கு வந்தேன். குறைந்த சக்தியில் கொஞ்சம் தகவலை ரொம்ப தூரம் அனுப்பும் ரேடியோ முறை அது. மெஷ்டாஸ்டிக் என்ற இலவச மென்பொருள் போட்ட சின்ன ரேடியோ போர்டுகள். ஒவ்வொன்றும் ஒரு போனோடு புளூடூத்தில் சேரும், போர்டுகள் தமக்குள் 865–867 மெகாஹெர்ட்ஸில் பேசிக்கொள்ளும். அந்த அலைவரிசைக்கு இங்கே லைசென்ஸ் வேண்டாம். ஒரு போர்டுக்கு எட்டாததை நடுவில் இருக்கும் இன்னொன்று வாங்கித் தள்ளிவிடும். விலை குறைவு என்று முதலில் வாங்கிய இரண்டும் 433 மெகாஹெர்ட்ஸ் போர்டுகள். இந்த அலைவரிசைக்கு ஆகாமல் அவை பெட்டியில் கிடக்கின்றன. அடுத்து வாங்கிய மூன்றும் சரியானவை. எந்த நாடு என்று செட்டிங்கில் சொல்லாதவரை அவை எதையும் அனுப்பாது என்பது தெரியாமல், போர்டு செத்துவிட்டது என்று ஒரு ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். ஆன்டெனாவை மாட்டாமல் கரண்ட் கொடுக்கவில்லை, அந்தப் புத்தியாவது இருந்தது.

மூன்றாவது போர்டை மேட்டில் இருக்கும் பாறைமேல், கங்காணி அண்ணன் கூவும் அதே இடத்தில், ஒரு கம்பு நட்டு சின்ன சோலார் தகட்டோடு கட்டினேன். அன்றே ஓடையோரத்திலிருந்து ஸ்டோருக்குச் செய்தி வந்தது. போர்டின் சக்தி கால் வாட்கூட இல்லை. வாட்டை விட இடம்தான் முக்கியம் என்று அண்ணனுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. பாறையிலிருந்து கிழக்கே பார்த்தால் போடி தெரியும். ஸ்டோர் போர்டை ஒரு வாரம் வீட்டுக்கு எடுத்துப்போய் மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தேன். நேர்கோட்டில் 12 கிலோமீட்டராவது இருக்கும். செய்தி செக்போஸ்டில் நிற்காமல் எல்லை தாண்டி இறங்கியது.

குறை என்னவென்றால், இதில் பேச முடியாது. எழுத்து மட்டும்தான். லோராவின் வழக்கமான செட்டிங்கில் நொடிக்கு ஒரு கிலோபிட் சொச்சம் போகும். மம்பிள் பயன்படுத்தும் ஓபஸ் முறையில் குரலை எவ்வளவு நசுக்கினாலும் 6 கிலோபிட் வேண்டும். எழுத்திலும் தமிழுக்குச் செலவு கூடுதல். ஒரு செய்திக்கு ஏறக்குறைய 200 பைட்தான் இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும், தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். 'யானை' என்பதற்கு 12. கொம்பும் காலும் தனித்தனியாகக் கணக்கு.

அது பெரிய தொல்லை இல்லை, யாரும் கட்டுரை எழுதப் போவதில்லை. தொல்லை கைவிரலில். மழையில் நனைந்த திரை, கையில் காயின் பிசுக்கு, தொட்ட இடத்தை விட்டு வேறெங்கோ விழுகிறது. "தம்பி, இதுல எழுதி முடிக்கிறதுக்குள்ள நான் கூவி முடிச்சு டீயும் குடிச்சிருவேன்" என்றார் அண்ணன். நியாயம்தான். அதனால் எழுதி வைத்த செய்திகளாக நான்கு மட்டும் போட்டுக் கொடுத்தேன்: ஜீப் அனுப்பு, ஆளுக்கு அடி, யானை, மழை ஏறுறோம். ஒரு தட்டு, போய்விடும். அக்காமார் இரண்டே நாளில் பழகிவிட்டார்கள். ஐந்தாவதாக 'டீ' வேண்டுமாம்.

இப்போதைக்கு ஸ்டோரையும் களத்தையும் சுற்றிப் பேச்சு வைஃபையில், மேட்டுக்கு அப்பால் எழுத்து லோராவில். ஒரே போன், இரண்டு செயலி. ஐப்பசி இடிமழைக்குப் பயந்து பாறைமேல் இருந்த கம்பைப் பத்து நாள் இறக்கி வைத்தேன். அந்தப் பத்து நாளும் அண்ணன் பழையபடி கூவினார். கார்த்திகையில் திரும்ப ஏற்றிய நான்காம் நாள் குரங்கு ஆன்டெனாவைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. புதியது கைக்கு வந்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பிவிசி குழாய்க்குள் அதை ஒளித்து வைத்துக் கட்டிப் பார்க்க வேண்டும்.